ஜாமீன் கையெழுத்தும் நொடிப்புச் சட்டமும்: சிங்கப்பூரில் கடை திறக்கும் முன்

சிங்கப்பூரில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியைப் பதிவு செய்ய கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவுக்குக் கட்ட வேண்டியது 315 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பெயருக்கு 15, பதிவுக்கு 300. மூலதனம் ஒரு வெள்ளி இருந்தாலே சட்டத்துக்குப் போதும். கம்பெனி வேண்டாம், என் பெயரிலேயே நடத்துகிறேன் என்றால் இன்னும் மலிவு, ஓராண்டுக்கு 115 வெள்ளி. அரசின் இணைய அடையாளமான சிங்பாஸ் கையில் இருந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் முடித்துவிடலாம். ஆகவே, தேக்காவில் ஒரு தையல் கடையோ ஜூரோங்கில் ஒரு கேட்டரிங் அடுப்படியோ போட நினைத்துத் தயங்குகிறவரைத் தடுப்பது பதிவுக் கட்டணம் அல்ல. 'ஓடாவிட்டால் என் கதி என்ன?' என்ற கேள்விதான் தடுக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது நொடிப்புச் சட்டம், அதாவது திவால் சட்டம். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் கடைசியாகப் படிக்கும் சட்டம் அதுதான். முதலில் படிக்க வேண்டியதும் அதுதான்.

நம் பேச்சில் இதற்கு இருக்கும் சொற்களே பயமுறுத்தும். 'மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துட்டான்', 'ஐ.பி. போட்டுட்டான்', 'தலையில துண்டு போட்டுக்கிட்டான்'. ஐ.பி. என்றால் இன்சால்வென்சி பெட்டிஷன். அது தமிழ்நாட்டிலிருந்து வந்த வழக்கு. சென்னை, மும்பை, கொல்கத்தாவுக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டமும் மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டமும் இருந்தன. இந்தியா 2016இல் புதிய திவால் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் தனிமனிதர்களுக்கான பகுதி 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிகளுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. சாதாரணக் கடைக்காரருக்குப் பொருந்துவது அந்தப் பழைய சட்டங்கள்தான். ஊரில் பார்த்த ஐ.பி.யை மனத்தில் வைத்துக்கொண்டு சிங்கப்பூர்ச் சட்டத்தைக் கணக்குப் போடுவது தவறு. இங்கே முறையே வேறு.

இங்கே 1995ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டம் முதல் பெரிய திருப்பம். நொடித்துப்போனவரை நீதிமன்றத்துக்கு இழுக்காமல், நொடிப்பு நிர்வாக அதிகாரியான அஃபிஷியல் அசைனியே சான்றிதழ் கொடுத்து விடுவிக்க அது வழி செய்தது. அடுத்து 2016 ஆகஸ்ட் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம். 2017இல் கம்பெனிகளின் கடன் சீரமைப்புக்கான திருத்தம். பிறகு எல்லாவற்றையும் ஒரே குடையின்கீழ்க் கொண்டுவந்த, 2018இல் நிறைவேறி 2020 ஜூலை 30 அன்று நடப்புக்கு வந்த நொடிப்பு, சீரமைப்பு, கலைப்புச் சட்டம். பத்திரிகைகளில் அதிகம் பேசப்பட்டது 2017 திருத்தம். பெரிய கம்பெனிகளுக்கு அது பெரிய காரியம்தான். ஆனால் பத்துக்குப் பத்து கடையில் தொழில் தொடங்குகிறவரின் முடிவை மாற்றக்கூடியது 2016 திருத்தம்தான் என்பது என் கருத்து. காரணம், அது வெளியே வரும் தேதியைச் சொன்னது.

அந்தத் தேதி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்ப்போம். நொடிப்பு ஆணை வந்ததும் சொத்து, கடன், வருமானம், செலவு எல்லாவற்றையும் எழுதி நிலை அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். அதைக் கொடுக்காமல் இழுத்தடித்தால் கடிகாரம் ஓடத் தொடங்குவதில்லை. நாள்தான் வீணாகும். அறிக்கையைப் பார்த்து, குடும்பத்தின் நியாயமான செலவு போக மாதம் இவ்வளவு கட்டலாம் என்று ஒரு தொகை நிர்ணயிப்பார்கள். முதல்முறை நொடித்தவருக்கு அதை 52 மாதத்தால் பெருக்கினால் வருவது இலக்குத் தொகை. இரண்டாம் முறை என்றால் 76 மாதம். இலக்குத் தொகையை முழுதாகக் கட்டி முடித்த முதல்முறைக்காரர் 3 ஆண்டுக்குப் பிறகு வெளியே வரலாம். கட்டி முடிக்காதவருக்கு 5 ஆண்டிலிருந்து வாய்ப்பு உண்டு, ஆனால் கடன் கொடுத்தவர்கள் ஆட்சேபிக்கலாம். அவருக்கு 7 ஆண்டு என்பது அடுத்த எல்லை. இரண்டாம் முறைக்காரருக்கு இவை 5, 7, 9 ஆண்டுகள். இன்னொன்றும் உண்டு. முதல்முறைக்காரர் முழுதாகக் கட்டி வெளியே வந்தால், 5 ஆண்டு கழித்து அவர் பெயர் பொதுப் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். கட்டாதவரின் பெயர் அப்படியே இருக்கும். வாடகைக்கு இடம் கொடுப்பவரும் சரக்குக் கொடுப்பவரும் அந்தப் பதிவேட்டைத்தான் பார்க்கிறார்கள்.

2016க்கு முன்பும் மாதாமாதம் கட்டத்தான் வேண்டும். ஆனால் மொத்தம் எவ்வளவு கட்டினால் விடுதலை என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத நிலை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழத்தை அளந்து சொல்லியதுதான் அந்தத் திருத்தத்தின் சிறப்பு.

இதுவரை சொன்னது தனிமனிதர் நொடிப்பு. 'நான்தான் பிரைவேட் லிமிடெட் ஆயிற்றே, எனக்கென்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் வங்கிக் கடன் பத்திரத்தின் பின்பக்கங்களைப் பார்க்க வேண்டும். கம்பெனி கடன் வாங்குகிறது. ஆனால் இயக்குநர் தனி ஆளாக ஜாமீன் போட்டுக் கையெழுத்திடுகிறார். அதில் வரும் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்ற சொற்களுக்குப் பொருள் இதுதான்: இரண்டு பேர் ஜாமீன் போட்டிருந்தாலும், பங்காளி மலேசியாவுக்குப் போய்விட்டால், முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம். 'எல்லாக் கடன்களுக்கும்' என்ற வரி இருந்தால் இன்றைய கடனுக்கு மட்டுமல்ல, நாளைக்குக் கம்பெனி எடுக்கும் ஓவர்டிராஃப்டுக்கும் நீங்களே பொறுப்பு. கடை வாடகைக்கும் இதே பத்திரம் வரும். கம்பெனி என்கிற சுவரை நீங்களே ஒரு கையெழுத்தால் இடித்துவிடுகிறீர்கள்.

சிங்கப்பூரில் இந்த ஜாமீன் ஏன் இவ்வளவு சாதாரணம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டை, அதாவது வீவக வீட்டை, தொழிலுக்கு அடமானம் வைக்க முடியாது. உரிமையாளரில் ஒருவராவது சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால், நொடித்துப்போனாலும் அந்த வீட்டைக் கடன்காரர்கள் தொட முடியாது. கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியில் உள்ள பணத்தையும் தொட முடியாது. குடும்பங்களுக்கு இது பெரிய பாதுகாப்பு, இருக்க வேண்டிய பாதுகாப்பு. ஆனால் கடன் கொடுப்பவர் பக்கத்திலிருந்து பாருங்கள். பெரும்பாலானவரின் பெரிய சொத்துகள் இரண்டும் எட்டாத இடத்தில் இருக்கின்றன. அவர் கையில் மிஞ்சுவது உங்கள் கையெழுத்தும், 'நொடிப்புக்குப் போடுவேன்' என்ற மிரட்டலும்தான். ஒரு விஷயத்தை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். கணவன், மனைவி இருவருமே நிரந்தரவாசிகளாக இருந்து மறுவிற்பனை வீடு வாங்கியிருந்தால், குடிமகன் ஒருவரும் இல்லாததால் அந்த வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. தனியார் வீட்டுக்கும் இல்லை. தொழிலில் இறங்குமுன் இதை வீட்டில் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

இனி ஒரு கணக்கு. எண்கள் உதாரணத்துக்காக நான் போட்டவை, சட்டம் உண்மையானது. கம்பெனி பெயரில் ஒரு கடை, வாடகைக்கும் வங்கிக் கடனுக்கும் கடைக்காரரே ஜாமீன். மாத வாடகை 7,000 வெள்ளி, 2 ஆண்டு ஒப்பந்தம், 3 மாத முன்பணம் 21,000. வங்கிக் கடன் 120,000 வெள்ளி, 8 விழுக்காடு வட்டி, 5 ஆண்டு. 14ஆம் மாதம் கடையை மூடுகிறார். கடன் பாக்கி சுமார் 96,000. எஞ்சிய 10 மாத வாடகை 70,000, முன்பணம் கழித்தால் 49,000. கடையைப் பழைய நிலைக்குத் திருப்பிக் கொடுக்க 15,000. அலமாரி, குழாய், பொய்க்கூரை எல்லாம் கழற்ற வேண்டும் என்ற அந்த வரியைத் தொடங்கும்போது யாரும் விலை போட்டுப் பார்ப்பதில்லை. கடைசி இரண்டு மாத வாடகையைச் சமாளிக்க உரிமம் பெற்ற கடன்கொடுப்பவரிடம் தன் பெயரில் வாங்கியதில் பாக்கி 12,000. அங்கே வட்டி மாதத்துக்கு 4 விழுக்காடு வரை போகலாம். மொத்தம் 172,000 வெள்ளி, எல்லாமே அவர் தலையில். சரக்குக் கொடுத்தவர்களின் பாக்கி கம்பெனியோடு நிற்கிறது, அதைச் சேர்க்கவில்லை.

இப்போது முக்கியமான கோடு வருகிறது. 2009 மே மாதம் தொடங்கிய கடன் திருப்பிச் செலுத்தும் திட்டம் என்று ஒன்று உண்டு. அடமானம் இல்லாத கடன் 150,000 வெள்ளிக்குள் இருந்து, நிலையான சம்பளமும் இருந்தால், நொடிப்பு ஆணையே இல்லாமல் 5 ஆண்டுக்குள் தவணையில் கட்டி முடிக்கலாம். நம் உதாரணத்துக் கடைக்காரர் 172,000. கோட்டைத் தாண்டிவிட்டார், நொடிப்புதான். ஆனால் கட்டட உரிமையாளர் 4 மாதத்தில் வேறு ஆளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டால்? வாடகைப் பாக்கி 28,000, முன்பணம் கழித்து 7,000. மொத்தம் 130,000. சம்பள வேலையும் இருந்தால் திட்டத்துக்குள் வந்துவிட்டார். ஒரு மனிதர் நொடித்தவரா இல்லையா என்பதை, அவர் காலி செய்த இடத்துக்கு அடுத்த ஆள் எவ்வளவு சீக்கிரம் வருகிறார் என்பதே தீர்மானிக்கிறது. மூடுவது என்று முடிவானால் வேறு வாடகையாளரைத் தேடிக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் முதல் வேலை என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

நொடிப்பே ஆகிவிட்டது, 3,200 வெள்ளி சம்பளத்துக்கு வேலைக்குப் போகிறார், மாதம் 400 கட்டலாம் என்று நிர்ணயிக்கிறார்கள் என்று வையுங்கள். 52 மாதத்துக்கு 20,800 வெள்ளி. 172,000இல் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. 3 ஆண்டில் வெளியே வர மாதம் சுமார் 580 கட்டி முடிக்க வேண்டும். இதற்கிடையில் அனுமதியில்லாமல் வெளிநாடு போக முடியாது, ஜொகூர் பாருவும் வெளிநாடுதான். அனுமதியில்லாமல் இயக்குநராகவும் இருக்க முடியாது, சொந்தத் தொழிலும் நடத்த முடியாது. 1,000 வெள்ளியோ அதற்கு மேலோ கடனாக வாங்கினால் தாம் நொடித்தவர் என்பதைச் சொல்லியாக வேண்டும். அதாவது, ஒருமுறை விழுந்து பாடம் கற்ற ஆள் மறுபடி கடை திறக்க முடியாத காலம் எவ்வளவு என்பதையும் இந்தச் சட்டம்தான் தீர்மானிக்கிறது.

வக்கீல் நோட்டீஸ் வந்ததும் அதைப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. 15,000 வெள்ளிக்குக் குறையாத கடனுக்குச் சட்டபூர்வக் கோரிக்கைக் கடிதம் வந்தால், பெற்ற நாளிலிருந்து 21 நாள் அவகாசம். அதற்குள் கட்டவேண்டும், அல்லது கடன்காரர் ஏற்கும்படி பேசி முடிக்க வேண்டும், அல்லது ஈடு காட்ட வேண்டும். தொகையே தவறு, கடனே இல்லை என்றால் அதை ரத்துசெய்யக் கேட்க 14 நாள்தான். 21 நாள் சும்மா கழிந்தால் உங்களால் கடனைக் கட்ட முடியாது என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். கொவிட் காலத்தில், 2020 ஏப்ரல் 20 முதல் அக்டோபர் 19 வரை, 15,000 என்ற வரம்பு 60,000 ஆகவும் 21 நாள் 6 மாதமாகவும் உயர்த்தப்பட்டன. அது அப்போதே முடிந்துபோன சலுகை.

அடுத்த தவறு நம் குடும்ப வழக்கத்திலிருந்து வருகிறது. கடை மூழ்கப்போகிறது என்று தெரிந்ததும், கைமாற்றாகக் கொடுத்த மச்சானுக்கும் சித்தப்பாவுக்கும் முதலில் பணத்தைத் திருப்பிவிடுவோம். வங்கி பெரியது, தாங்கிக்கொள்ளும், சொந்தக்காரன் முகத்தில் எப்படி விழிப்பது என்ற எண்ணம். மனத்தளவில் நியாயம்தான். சட்டம் இதை ஒருவருக்குக் காட்டிய தகாத முன்னுரிமை என்று பார்க்கிறது. வெளியாள் என்றால் நொடிப்பு மனுவுக்கு முந்திய 1 ஆண்டும், உறவினர் போன்ற நெருங்கியவர் என்றால் 2 ஆண்டும் திரும்பிப் பார்ப்பார்கள். உறவினருக்குக் கொடுத்தால் முன்னுரிமை காட்டும் நோக்கம் இருந்தது என்றே வைத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது நம் பொறுப்பு. நிரூபிக்க முடியாவிட்டால் மச்சான் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேரும். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து அவரையும் வழக்கில் இழுத்துவிடுகிறோம். சொந்தக்காரரிடம் வாங்கும்போதே எழுதி வைத்து, அவரையும் மற்றக் கடன்காரர்களின் வரிசையில் நிற்கவைப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று கடைசி நேரத்தில் மேலும் சரக்கைக் கடனுக்கு எடுத்துப் பார்ப்பதும் ஆபத்து. 2020இல் நடப்புக்கு வந்த சட்டத்தின் 239ஆம் பிரிவு, கட்ட முடியாத நிலையில் இருக்கும் கம்பெனி, முழுதாகக் கட்டும் வாய்ப்பில்லை என்று தெரிந்தும் கடன் வாங்கினால், தெரிந்து துணைபோன இயக்குநரையே பொறுப்பாக்க முடியும் என்கிறது. முழுகுகிற கம்பெனியைச் சீக்கிரம் மூடச் சொல்லும் பிரிவு இது. சிறு கம்பெனிகளுக்காக 2021 ஜனவரி 29 அன்று எளிமையாக்கப்பட்ட நொடிப்புத் திட்டம் தற்காலிகமாகத் தொடங்கி, பலமுறை நீட்டிக்கப்பட்டது. தொடங்கியபோது கடன் 20 லட்சம் வெள்ளிக்குள், கடன்காரர்கள் 50க்குள், ஊழியர்கள் 30க்குள், ஆண்டு வருமானம் 1 கோடி வெள்ளிக்குள் என்று வரம்பு. சீரமைப்புக்கு வழக்கமாகத் தேவைப்படும் முக்கால்வாசி ஆதரவுக்குப் பதில், கடன் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால் போதும். கம்பெனியை மலிவாக மூட இது உதவும். இயக்குநரின் ஜாமீனை இது தொடாது.

இப்படிச் சட்டம் இளகினால் புதிய தொழில்கள் உண்மையிலேயே கூடுமா? கூடும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. வெய் ஃபானும் மிஷெல் ஒயிட்டும் 2003இல் அமெரிக்க மாநிலங்களை ஒப்பிட்டார்கள். நொடித்தாலும் வீட்டை முழுதாகக் காப்பாற்றும் மாநிலத்தில் வசிக்கும் வீட்டு உரிமையாளர், குறைந்த பாதுகாப்பு உள்ள மாநிலத்தில் வசிப்பவரைவிடச் சொந்தத் தொழில் வைத்திருக்கும் வாய்ப்பு 35 விழுக்காடு அதிகம் என்று கண்டார்கள். ஜான் ஆர்மரும் டக்ளஸ் கம்மிங்கும் 2008இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 15 நாடுகளை எடுத்துப் பார்த்தபோது, தனிமனிதர் நொடிப்புச் சட்டம் இளகிய இடங்களில் சுயதொழில் கூடியிருந்தது. அவர்கள் ஆராய்ந்த காலத்தில்தான் ஜெர்மனி 1999இல் முதன்முதலாகக் கடன் விடுதலையைக் கொண்டுவந்தது. இங்கிலாந்து 2004 ஏப்ரல் 1 முதல் 3 ஆண்டை 1 ஆண்டாகக் குறைத்தது.

ஆனால் இதே மிஷெல் ஒயிட், ஜெரமி பெர்கோவிட்ஸுடன் 2004இல் மறுபக்கத்தையும் காட்டினார். வீட்டுக்கு முழுப் பாதுகாப்பு உள்ள மாநிலங்களில் சிறு தொழில்களுக்குக் கடன் மறுக்கப்படுவது அதிகம். கிடைத்தாலும் தொகை குறைவு, வட்டி அதிகம். அமெரிக்க முடிவை அப்படியே இங்கே ஒட்டவைக்க முடியாது. இருந்தாலும் நான் மேலே சொன்ன வீவக வீடும் ஜாமீனும் இதே தர்க்கம்தான். ஒரு கதவை மூடினால் கடன் கொடுப்பவர் இன்னொரு கதவு தேடுவார். இந்த ஊரில் அந்தக் கதவு ஜாமீன். ஆகவே விடுதலைக் காலத்தை இன்னும் குறைப்பதைவிட, ஜாமீனுக்கு வரம்பு வைப்பதே இங்கே அடுத்த சீர்திருத்தமாக இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

நகரத்தில் இந்த விளைவு கூர்மையாகத் தெரியும். இங்கே தொழிலின் முதல் செலவே இடம். வாடகை ஒப்பந்தம் 2, 3 ஆண்டு பிணைப்பு. சிராங்கூன் சாலையில் ஒரு கடை செத்துப்போன பிறகும் ஒப்பந்தத்துக்குப் பயந்து ஓராண்டு திறந்தே கிடந்தால், அந்த இடத்தில் வரவேண்டிய புதுக் கடை வரவில்லை என்று பொருள். அதில் வேலை பார்ப்பவர்களும் சம்பளப் பாக்கியோடு மாட்டிக்கொள்கிறார்கள். ஊர் சிறியது, சரக்குக் கொடுப்பவர் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். மார்க்கெட் ஸ்திரீட்டில் வட்டித் தொழில் செய்த செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த காலத்தில் கடன் ஓடியதே நாணயத்தின் பேரில்தான். இன்றைக்கும் கடனுக்குச் சரக்குக் கொடுக்கிறவர் முதலில் பேச்சு விசாரணைதான் செய்கிறார். பேர் கெட்டால் சட்டம் விடுவித்தாலும் சந்தை விடுவிக்காது. பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கும் அந்த 5 ஆண்டு விதி எனக்கு அவ்வளவு முக்கியமாகத் தோன்றுவது இதனால்தான்.

இன்னும் அடைபடாத ஓட்டை ஒன்றைச் சொல்ல வேண்டும். 150,000 வெள்ளிக் கடன் திருப்பிச் செலுத்தும் திட்டத்தில் தனியாள் வணிக உரிமையாளருக்கும் கூட்டு வணிகப் பங்காளிக்கும் இடமில்லை. மாதச் சம்பளக்காரருக்கு மட்டும்தான். 200 வெள்ளி மிச்சம் என்று 115 வெள்ளியில் தனியாள் வணிகமாகப் பதிந்தவர், 60,000 வெள்ளிக் கடனில் மாட்டினால்கூட இந்த வழி அவருக்கு மூடியிருக்கிறது. அதே கடனில் மாட்டிய அலுவலக ஊழியருக்குத் திறந்திருக்கிறது. தொழில் தொடங்குவதை ஊக்குவிக்கும் ஊரில் இது நியாயமாக எனக்குப் படவில்லை. அவருக்கு எஞ்சுவது தன்னார்வ ஏற்பாடு: தகுதிபெற்ற நொடிப்பு நிபுணர் ஒருவரை நியமித்து, நீதிமன்றத்தில் இடைக்கால ஆணை வாங்கி, கடன்காரர்களில் பெரும்பான்மையும் கடன் மதிப்பில் முக்கால்வாசியும் ஒப்புக்கொள்ளும் தவணைத் திட்டம் ஒன்றைப் போட வேண்டும். நல்ல வழி, ஆனால் நிபுணருக்கும் வக்கீலுக்கும் கட்டணம் கொடுக்கப் பணம் வேண்டும். எல்லாம் தீர்ந்த பிறகு போனால் முடியாது. கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் இருக்கும்போதே போக வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன் கேட்கக்கூடியவையும் சில உண்டு. ஜாமீனுக்கு உச்சத் தொகை போடச் சொல்லிக் கேளுங்கள். வாடகைப் பத்திரத்தில் ஆறு மாத வாடகைக்கு மேல் பொறுப்பில்லை என்று ஒரு வரி சேர்க்கக் கேட்கலாம். 'எல்லாக் கடன்களுக்கும்' என்பதை அடித்துவிட்டு இந்தக் கடனுக்கு மட்டும் என்று மாற்றக் கேளுங்கள். ஓராண்டுக்குப் பிறகு இரண்டு மாத நோட்டீசில் வெளியேறும் உரிமை, வேறு வாடகையாளரைக் கொண்டுவரும் உரிமை, கடையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவுக்கு உச்சவரம்பு. வங்கி எளிதில் இறங்காது. கடை உரிமையாளர், அதுவும் பல மாதம் காலியாகக் கிடக்கும் இடமென்றால், இறங்குவார். மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும் என்று கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். வீட்டில் ஒருவருடைய சம்பளமாவது ஜாமீனுக்கு வெளியே இருக்க வேண்டும்.